ஒன்றரை நிமிட மௌனம்

தாஹிருக்கு முதலில் வருவது ஒரு வாசம். நனைந்துபோன தீப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். வேனுக்குள் தீப்பெட்டி கிடையாது; அவர் புகைப்பவரும் அல்ல. வாசம் வந்து இரண்டு மூன்று நொடிகளில் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தொண்டைக்கு ஏறும். அதன் பிறகு முன்னால் இருக்கும் பாதை, காற்றாலைகள், மிளகாய்த் தோட்டங்களில் சுழன்று தண்ணீர் அடிக்கும் குழாய்கள் எல்லாம் என்றைக்கோ நடந்து முடிந்தவை போலத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தால், இவை யாருடையவை, நன்றாகத்தான் ஓட்டுகின்றன என்று தோன்றும். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் இருப்பதுதான் அவருடைய முறைப்பாடு.

எத்தாளையிலிருந்து கல்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பதினாறு பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் அவர். நோன்புப் பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த கிழமையில் ஒரு நாள், பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது வாசம் வந்தது. அவர் திரும்பி வந்தபோது பிள்ளைகள் வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேன் சந்தியைத் தாண்டியிருந்தது. சந்தியைத் தாண்டிய நினைவு அவரிடம் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, முன் இருக்கையில் இருந்த அஸ்கா என்ற பிள்ளையிடம், சந்தியில் நிறுத்தினேனா என்று கேட்டார்.

"இல்ல வேன் மாமா. லொறிக்காரன் ஹோன் அடிச்சான். நீங்க நேரா வந்துட்டீங்க."

அன்றைக்கே வேனை மச்சான் நௌஃபரிடம் கொடுத்துவிட்டார். ஒரு டாக்டர் தன்னைப் பார்த்து, ஓட்டலாம் அல்லது ஓட்டக் கூடாது என்று இரண்டில் ஒன்றைக் கடதாசியில் எழுதித் தரும்வரை பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார். இது ஒரு நாள் வேலை என்று அவர் நினைத்தார்.

மனைவி ஜுனைதாவுக்கு இது களைப்பு. முப்பது நோன்பும் பிடித்துவிட்டு அடுத்த கிழமையே வெயிலில் ஓடினால் யாருக்கும் தலை சுற்றும் என்றாள். அவள் ஒருநாளும் அது வருவதைக் கண்டதில்லை; வேனுக்குள்தான் அது வந்தது. அவளுடைய பேச்சைத் தட்டாமல் தாஹிர் பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இது டாக்டருக்குக் காட்ட வேண்டிய விசயம், பிந்தாமல் போங்க என்றும் சொன்னார். அடுத்த ஐந்து மாதங்களில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் அவரிடம் பேசவில்லை.

கிராமத்து மருந்தகத்தில் இருந்த டாக்டர், தாஹிர் 'தலைக்குள்ள' என்று தொடங்கியதுமே பேனையை மூடிவிட்டார். புதிய சுற்றறிக்கையின்படி பல், கண், காது, மூக்கு நீங்கலாகக் கழுத்துக்கு மேலே உள்ள முறைப்பாடுகள் எல்லாம் கடலோர உளநல ஒருங்கிணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். வாசம் மூக்கு சம்பந்தப்பட்டதல்லவா என்று தாஹிர் கேட்டார். இல்லாத வாசம் மூக்கில் சேராது என்று டாக்டர் விளக்கினார்.

நிலையம் பாலாவிப் பாதையில் இருந்தது. வெளிநாட்டு உதவியில் கட்டிய கண்ணாடிக் கட்டடம். களப்புக் காற்று அந்தக் கண்ணாடிகளில் உப்பைப் பூசிக்கொண்டே இருந்ததால், துடைப்பதற்கென்று இரண்டு பேர் நிரந்தர நியமனத்தில் இருந்தார்கள். உள்ளே மூன்று யன்னல்கள். ஒன்று, இடம்பெயர்ந்தோர். இரண்டு, உள்ளூரார். மூன்று, திரும்பிச் சென்றோர்.

தாஹிர் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், ஒன்பது வயதில், போர் நடந்த வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது முழு ஊரோடும் வெளியேற்றப்பட்டுத் தோணியில் புத்தளம் மாவட்டத்துக் கல்பிட்டிக்கு வந்து சேர்ந்தவர். ஆகவே முதலாம் யன்னலுக்குப் போனார். அங்கிருந்த எழுதுநர் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டிவிட்டு, அவரை மூன்றாம் யன்னலுக்குப் போகச் சொன்னார். மன்னாரில் காணி கிடைக்கும் என்ற பேச்சில், பதின்மூன்று வருடத்துக்கு முன் தாஹிர் தன் வாக்கை அங்கே மாற்றிப் பதிந்திருந்தார். காணி கிடைக்கவில்லை. வாக்கு மட்டும் அங்கே இருந்தது. தேர்தல் வந்தால் ஊராரெல்லாம் பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு அன்றே திரும்பி வருவார்கள். எத்தாளையில் பாதிப் பேரின் கதை இதுதான்.

மூன்றாம் யன்னலில் இருந்தவரும் அதே எழுதுநர்தான். கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரும்பிச் சென்றோருக்கான சேவை அவர்கள் திரும்பிச் சென்ற மாவட்டத்தில்தான் வழங்கப்படும் என்றார். தாஹிர், தான் எங்கேயும் போகவில்லை, இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றார். எழுதுநர் அண்ணன் முறை வைத்து, நானா என்று அழைத்துப் பதில் சொன்னார்.

"நீங்க இஞ்ச நிக்கிறது எனக்குத் தெரியுது நானா. ஆனா நீங்க இரிக்கிறது அங்க."

தன் நோயை இவ்வளவு சரியாக இன்னொருவர் சொல்லித் தாஹிர் கேட்டதில்லை. இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்குள் பிறந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவர் மன்னாருக்குப் புறப்பட்டார்.

வண்ணாத்திவில்லு வழியாகக் காட்டுக்குள்ளால் போனால் மன்னார் கிட்டத்தான். அந்தப் பாதை மூடியிருப்பதால் பஸ் அனுராதபுரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. வழியில் இரண்டு தடவை தீப்பெட்டி வாசம் வந்தது. பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்ததால் தாஹிர் அதை நிம்மதியாக அனுபவித்தார். மன்னாரில் ஓர் அலுவலகத்தில், பதிவில் நீங்கள் இங்கே இருந்தாலும் உங்கள் தலை புத்தளத்தில் அல்லவா இருக்கிறது, அது அங்குள்ளவர்கள் பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மனமிரங்கி ஒரு கடிதம் தந்தார்கள். மேற்படி நபர் 1990ஆம் ஆண்டு முதல் தற்காலிகமாகப் புத்தளம் மாவட்டத்தில் தங்கியிருக்கிறார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.

அந்தக் கடிதம் நிலையத்தில் பெரும் மதிப்பைப் பெற்றது. எழுதுநர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு முதலாம் யன்னலுக்கு வந்து, "வாங்க, இருங்க" என்றார்.

உளவளத்துணை உத்தியோகத்தரின் பெயர் சுபாஜினி. உடப்பைச் சேர்ந்த இளம் பெண். முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அவள் முன்னால் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் கணினியில் திறந்திருந்தது. நிலையத்தின் நிதி இடம்பெயர்வினால் ஏற்பட்ட உளப் பாதிப்புக்கென்று வந்தது. ஆகையால் அறுபத்திரண்டு கேள்விகளும், 'இடம்பெயர்ந்த நாளிலிருந்து' என்றே தொடங்கின.

தாஹிர் வாசத்தைச் சொன்னார். வயிற்றிலிருந்து ஏறுவதைச் சொன்னார். சந்தியைச் சொன்னார். இது தொடங்கி இரண்டு மாதம்தான் என்பதையும் சொன்னார். சுபாஜினி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு, இடம்பெயர்ந்த நாளிலிருந்து உங்களைத் தொந்தரவு செய்வது பின்வருவனவற்றில் எது என்று வாசித்தாள். கடல், ஆயுதம், இருட்டு, கூட்டம், பிரிவு. தீப்பெட்டி அதில் இல்லை. இரண்டு மாதமும் இல்லை.

"நானா, நீங்க சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா இதில ஒண்டைப் போடாட்டி அடுத்த பக்கம் திறக்காது."

அடுத்த பக்கத்தில் டாக்டர் இருப்பார் என்று நினைத்து, எதைப் போடுவது உங்களுக்கு லேசு என்று தாஹிர் கேட்டார். தோணியில் வந்தவர்கள் வழக்கமாகக் கடலைப் போடுவார்கள் என்றாள். போடுங்கள் என்றார். அன்றிலிருந்து அவருடைய நோய் கடலச்சம். பிறந்த நாள் முதல் கடலைப் பார்த்துக்கொண்டும், கிழமையில் ஆறு நாள் மீன் தின்றுகொண்டும் இருந்த மனிதர் அவர்.

பிறகு அவள் அந்த நாளைப் பற்றிக் கேட்டாள். தோணியில் வாந்தி எடுத்தது, கரையில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் பிஸ்கட் தந்தது, அடுத்த நாள் கணக்குப் பரீட்சை இல்லை என்று நினைத்துச் சந்தோசப்பட்டது, இவற்றைத் தாஹிர் சொன்னார். உம்மா தோணியின் ஓரத்தில் கரையைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததும் அவருக்கு நினைவிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அது உம்மாவுடையது, கணினியில் பக்கம் திறப்பதற்காகக் கொடுக்கக் கூடியதல்ல. சுபாஜினி, 'துயரத்தை மறுக்கிறார்' என்று பதிந்தாள். அடுத்த பக்கம் திறந்தது. அதில் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டாவது கேள்வி இருந்தது.

டாக்டருக்கென்று நிலையத்தில் ஓர் அறை உண்டு. கதவில் பெயர்ப்பலகை மாட்ட நான்கு ஆணிகள் அடித்திருந்தார்கள். உள்ளே குளிரூட்டி இயங்கிக்கொண்டிருந்தது. வெயில் கூடிய நாட்களில் கண்ணாடி துடைப்பவர்கள் அங்கே போய் இருப்பார்கள்.

தாஹிரைப் புதன்கிழமைக் குழுவில் சேர்த்தார்கள். களிமண் பிசைந்தார்கள். மூச்சை எண்ணினார்கள். இழந்த வீட்டை வரையச் சொன்னபோது தாஹிர் வேனை வரைந்தார். வீட்டைத்தான் வரைய வேண்டும் என்று சொன்னதும், வேனுக்குப் பின்னால் ஒரு வீட்டை வரைந்தார். ஒவ்வொருவரும் தொண்ணூறாம் ஆண்டை நினைவுகூர வேண்டிய நேரமும் இருந்தது. குழுவில் இனாஸ் என்றொருவர் இருந்தார். தொண்ணூற்றாறில் பிறந்தவர், மணவாழ்க்கையில் ஏற்பட்ட சிக்கலால் தூக்கம் வராமல் வந்தவர். அவர் தொண்ணூறாம் ஆண்டை எல்லோரையும்விட நன்றாக நினைவுகூர்ந்தார். ஆறு மாதப் பழக்கம். முன்னேற்ற அட்டவணையில் அவர்தான் முதலாவது. தேநீர் இடைவேளையில் தாஹிரிடம் வந்து இரகசியமாக அறிவுரை சொன்னார்.

"கொஞ்சம் அழுங்க நானா. அழுதா கெதியா விட்டுடுவாங்க. பொண்டாட்டிட கதையச் சொல்லி நான் மூணு மாசம் இதுக்குள்ள கிடந்தன்."

இதற்கிடையில் வாசம், ஜுனைதா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கிழமைக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. நௌஃபர் வேனைக் கல்யாணக் காரைப் போலப் பறக்கவிடுகிறான் என்று பெற்றோர்கள் ஜுனைதாவிடம் வந்து சொன்னார்கள். முஃப்லிஹா என்ற தாய், தாஹிர் நானா வராவிட்டால் நாங்கள் வேறு வேன் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லி, அதையும் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஜுனைதா அன்று மாலை கணவரிடம், இனியும் வீட்டில் இருந்தால் ஊர் உங்களை உண்மையிலேயே பைத்தியம் என்றுவிடும் என்றாள்.

தாஹிர் பணிப்பாளரைப் பார்க்க நேரம் கேட்டார். பணிப்பாளர் அம்பலவாணர் முன்பு தென்னை நோய்த் தடுப்புப் பிரிவில் இருந்தவர். மாவட்டத்தில் ஒரு மரத்தையும் விடாமல் எண்ணியவர் என்ற நல்ல பெயரோடு இந்தப் பதவிக்கு வந்திருந்தார். தாஹிர் தன் கேள்வியை மட்டும் கேட்டார். பதினாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் வேன் ஓட்டலாமா, கூடாதா? இதைச் சொல்லக்கூடிய ஒரு டாக்டரை நான் எப்போது பார்க்கலாம்?

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல கேள்வி என்று பாராட்டினார்.

"வைத்தியர் பதவி அனுமதிக்கப்பட்ட பதவிதான். ஆனால் இங்கே ஆட்கள் குணமாகிறார்கள் என்று நாங்கள் முதலில் நிரூபித்தால்தான் அதை நிரப்புவார்கள். நாங்கள் நிரூபித்துவிட்டோம். எண்பத்தேழு வீதம். வைத்தியர் இல்லாமல் எண்பத்தேழு வீதம், தாஹிர். இனி ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்க்கத் தொடங்கினால் இந்த எண்ணிக்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்."

தாஹிர் யோசித்துப் பார்த்தார். எண்ணிக்கை குறையும் என்றார்.

"பார்த்தீர்களா. படித்த உத்தியோகத்தருக்கு விளங்காதது உங்களுக்கு விளங்குகிறது."

அதனால்தானோ என்னவோ, நிலையத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு விழாவில் குணமடைந்தோர் சார்பில் பேசத் தாஹிரைத் தெரிவு செய்தார்கள். ஊடக உத்தியோகத்தர் ஹில்மி வீட்டுக்கே வந்து சொன்னார். ஹில்மி கல்பிட்டிப் பையன், மரியாதை தெரிந்தவர். தான் இன்னும் குணமாகவில்லை என்று தாஹிர் சொன்னபோது, அட்டவணையில் குணமாகியிருக்கிறீர்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். விழா முடிந்ததும் மேடையிலேயே சான்றிதழ் தருவார்கள்; எல்லா வேலைக்கும் தகுதியானவர் என்று அதில் இருக்கும்; பணிப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கும். ஜுனைதா தேத்தண்ணீர்க் கோப்பையோடு கதவடியில் நின்றிருந்தாள்.

"வேன் ஓட்டலாம் எண்டு இரிக்குமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"எல்லா வேலைக்கும் எண்டா அதில வேனும் வரும்தானே தாத்தா," என்று அக்கா முறை வைத்து அவளிடம் சொன்னார் ஹில்மி.

தாஹிர் ஜுனைதாவின் முகத்தைப் பார்த்தார். ஐந்து மாதமாக அவள் முகத்தில் இல்லாத ஒன்று வந்திருந்தது. அவர் ஓம் என்று சொல்லிவிட்டார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. நிதி தரும் நிறுவனத்திலிருந்து நான்கு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். அம்பலவாணர் நாற்பது நிமிடம் பேசினார். இந்தக் கரையோரத்தில் துயரம் ஒரு வளம் என்றார். பல மாவட்டங்களில் துயரம் சிதறிக் கிடக்கிறது, இங்கேதான் அது ஒரே இடத்தில், ஒரே திகதியில், எளிதில் எட்டக்கூடியதாக இருக்கிறது என்றார். முதல் ஆண்டில் நானூறு பேரின் துயரத்தைப் பதிந்தோம், இரண்டாம் ஆண்டில் ஆயிரத்து இருநூறு, துயரம் மும்மடங்கு வளர்ந்திருப்பது எங்கள் உத்தியோகத்தர்களின் அயராத உழைப்புக்குச் சான்று என்றபோது கைதட்டல் எழுந்தது. வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர்களும் தட்டினார்கள்.

பிறகு தாஹிரை அழைத்தார்கள். ஹில்மி கமராவோடு மேடைக்குக் கீழே, மிகக் கிட்டத்தில் வந்து நின்றார். தாஹிர் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். ஹில்மி எழுதிக் கொடுத்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, சபைக்கு ஸலாம் சொல்லி, 'எனக்கு அப்போது ஒன்பது வயது' என்ற முதல் வரியை வாசித்தார். ஒலிவாங்கியிலிருந்து நனைந்த தீப்பெட்டியின் வாசம் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்றைக்கோ வந்துவிட்டுப் போனவர்களைப் போலத் தெரிந்தார்கள்.

அடுத்து அவர் அறிந்தது கைதட்டல். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுபாஜினியும் அழுதுகொண்டிருந்தாள். அம்பலவாணர் அவர் தோளில் கைபோட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பியிருந்தார்.

"ஒன்றரை நிமிடம். ஒரு சொல் இல்லை. முப்பத்தைந்து வருடங்களை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?"

தாஹிர் கடதாசியில் இரண்டாவது வரியைத் தேடினார். அது இனித் தேவையில்லை என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு, சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். உளவியல் ரீதியாக முழுமையாகக் குணமடைந்தவர், சகல தொழில்களுக்கும் தகுதியானவர். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

விழாவுக்கு வந்திருந்த ஜுனைதாவும் தாஹிரும் வெளியே வந்து பாதையோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் சான்றிதழை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நாளண்டைக்குத் திங்கக்கிழம நீங்க வேன் எடுக்க வேணாம்."

"கடிதம் கிடைச்சிட்டே ஜுனைதா. நீதானே கேட்டாய்."

"கடிதத்தையும் பாத்தன். உங்களையும் பாத்தன்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போன பிறகுதான் கண்டதைச் சொன்னாள். அவர் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. இடக்கை சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் எழுந்து நின்று இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று கையைப் பிடித்து இருத்தினார்கள். களைப்பு என்று தான் இத்தனை மாதம் சொன்னதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. தாஹிரும் கேட்கவில்லை. மூன்றாவது பஸ் வரும்வரை இருவரும் உப்பளப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை சிலாபம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நிலையம் என்ற சொல்லை எடுக்காமல், இவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி ஜுனைதா நோயாளர் துண்டு எடுத்தாள். வயிறு கழுத்துக்குக் கீழே இருப்பதால் யாரும் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே இருந்தவர் ஒரு சிங்கள லேடி டாக்டர்; களைத்த முகம். வயிற்றில் என்ன என்று கேட்டார். ஜுனைதா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைத் தொடங்கினாள். சொல் போதவில்லை. அப்போதுதான் அவளுக்கு விழா வீடியோ நினைவு வந்தது; போனில் எடுத்து டாக்டரிடம் காட்டினாள்.

ஹில்மி அதை அன்றே நிலையத்தின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார். தலைப்பு, 'மௌனம் பேசியபோது.' பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்திருந்தார். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கண்ணீர் முகங்களும் இதயங்களுமாகக் கீழே குவிந்திருந்தன. டாக்டர் புல்லாங்குழலை நிறுத்தச் சொன்னார். சத்தமில்லாமல் ஒரு தரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். வாயைக் காட்டும் இடத்தில் படத்தைப் பெரிதாக்கி மூன்றாம் தரமும் பார்த்தார். பிறகு தாஹிரிடம், இது வருவதற்கு முன்னால் ஏதாவது வாசம் வருமா என்று கேட்டார்.

தாஹிர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரும் என்றார்.

அது வலிப்பு. கை கால் இழுக்காமல், ஆள் விழாமல், மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்துபோகும் ஒரு வகை. அன்றைக்கே உள்ளே அனுமதித்து, தலையில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்து உறுதிசெய்தார்கள். மாத்திரை எழுதினார்கள். வேன் ஓட்டலாமா என்று தாஹிர் தன் கேள்வியைக் கேட்டார். கூடாது, ஒரு வருடம் இது வராமல் இருந்தால் பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். தயவுசெய்து அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கூடாது என்ற சொல்லை ஒரு மனிதன் இவ்வளவு சந்தோசமாக வாங்கிப் போனதைத் தான் கண்டதில்லை என்று அந்த டாக்டர் தாதியிடம் சொல்லியிருக்கிறார். வீடியோ எடுத்தவரையும் பாராட்டினார். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிதானமாக யாரும் எடுப்பதில்லையாம்.

நௌஃபர் இப்போது வேனை மெதுவாக ஓட்டுகிறான். பக்கத்து இருக்கையில் ஜுனைதா இருப்பதுதான் காரணம். அவளே லைசென்ஸுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். தாஹிர் மரக்கறி சேகரிக்கும் இடத்தில் நிறுவை பார்க்கிறார். மாத்திரை தொடங்கிய பிறகு அது வரவில்லை. தன் கைகளைப் பார்த்தால் அவை தன்னுடையவைதான் என்று தெரிகிறது. இவ்வளவு காய்த்துப்போயிருக்கின்றன என்பதும் தெரிகிறது.

ஆறாவது கிழமை ஹில்மி தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரு மாநாடு. எட்டு நாட்டுப் பிரதிநிதிகள். பணிப்பாளர் கட்டாயம் உங்களைத்தான் கேட்கிறார். பேச ஒன்றும் வேண்டாம், அந்த மௌனம் மட்டும் போதும். வாகனம் வீட்டு வாசலுக்கு வரும்.

தாஹிர் நடந்ததைச் சொன்னார். வலிப்பு என்று சொன்னார், அவருடைய வீடியோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லி நன்றியும் சொன்னார். இப்போது மாத்திரை குடிப்பதால் அது வருவதில்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றார் ஹில்மி. உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னார். பிறகு மறுமுனையில் அவர் யோசிப்பது கேட்டது.

"அப்ப நானா, அந்த ஒரு நாளைக்கு மட்டும் மாத்திரைய நிப்பாட்ட ஏலாதா?"

தாஹிர் பதில் சொல்லவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிறுவைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் யாரோ வைத்த மிளகாய் மூட்டை இருந்தது. முள் ஆடி ஓய்ந்தது. அதற்குப் பிறகும் அவர் எதுவும் சொல்லவில்லை.

"இதுதான் நானா," என்றார் ஹில்மி, குரலைத் தாழ்த்தி. "இதேதான். அங்க வந்து இப்பிடியே நிண்டாப் போதும்."